கைவிட்ட ரயில் தடத்தில் ஒரு நடை: குமரி மாவட்டத்திலிருந்து எங்கே போகலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் கைவிடப்பட்ட ரயில் பாதை என்று ஒன்றுமே கிடையாது. இங்கே ரயில் வந்ததே தாமதமாகத்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரையான பாதை திறந்தது 1979 ஏப்ரலில். திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் இணைத்த பாதை 1981இல் வந்தது. இரண்டும் தொடக்கத்திலேயே அகலப்பாதை. ஒரு மீட்டர் அகலமுள்ள பழைய மீட்டர்கேஜ் பாதையில் ஓடும் வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அதனால் தண்டவாளம் பிடுங்கிய மேடு, கூரை போன பழைய ஸ்டேஷன், தனியாக நிற்கும் பாலத்தூண் என்று எதுவும் நம் ஊர்ப்பக்கம் இல்லை. பார்க்க வேண்டுமானால் மாவட்ட எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் தாண்டுவது என்பதுதான் கேள்வி. விடுமுறையில் எங்காவது நடக்கப் போகலாம், ஆனால் வெறும் மலையேற்றமாக இருக்க வேண்டாம், வரலாறும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்தில் இப்போது நிறையப் பேர். அவர்களுக்குப் பழைய ரயில் தடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நான் நம்புகிறேன். ரயில் பாதைக்கு ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும், வளைவும் மெதுவாகத்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரரும் நடக்கலாம். போகிற வழியெல்லாம் யார் எதை ஏற்றினார்கள், எதற்காகப் போட்டார்கள், ஏன் விட்டார்கள் என்ற கேள்விகள் கூடவே வரும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாடுகளில் பழைய ரயில் பாதையைச் சீர்செய்து, பலகை நட்டு, நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள். கீழே சொல்லப் போகிற இடங்களில் அப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை யாரும் செய்து வைக்கவில்லை. சில இடத்தில் தடம் ரோடாகிவிட்டது, சில இடத்தில் காடாகிவிட்டது, சில இடத்தில் மணல் மூடிவிட்டது. தேடிக்கொண்டே நடப்பதுதான் இந்த நடை.

தனுஷ்கோடி, மூணாறு, பரம்பிக்குளம், திசையன்விளை–குலசேகரப்பட்டினம் ஆகிய நான்கு இடங்களை ஒப்பிடுகிறேன். செங்கோட்டை–புனலூர் பாதையை இதில் சேர்க்கவில்லை. பலர் முதலில் சொல்கிற பெயர் அதுதான் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1904இல் திறந்த அந்த மீட்டர்கேஜ் பாதை 2010இல் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டு, 2018இல் மறுபடி திறந்துவிட்டது. மூடிக் கிடந்த ஆண்டுகளில் எடுத்த படங்கள் இன்னமும் கைபேசிகளில் சுற்றுகின்றன. அதை நம்பிப் போனால் எதிரே வண்டி வரும். ஓடுகிற பாதையில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தை ரோட்டில் நின்று பாருங்கள், ரயிலில் போய்ப் பாருங்கள். தடத்தில் நடக்க மட்டும் போகாதீர்கள்.

தனுஷ்கோடி

நால்வரில் மூவர் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதில் தவறே இல்லை. போவதும் எளிது. கன்னியாகுமரி–ராமேஸ்வரம் ரயில் வாரத்தில் சில நாட்கள் இரவில் நாகர்கோவில் வழியாகப் போகிறது. ஏறிப் படுத்தால் விடியும்போது ராமேஸ்வரம். கிளம்பும் முன் நாளையும் நேரத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வண்டி போகும்போது, இன்னும் அகற்றப்படாமல் இருந்தால், பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம் தெரியும். 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன பாலம் அது. ஆக, கைவிடப்பட்ட தடத்தின் முதல் துண்டை வண்டிக்குள் இருந்தபடியே பார்த்துவிடுகிறோம்.

தனுஷ்கோடி வெறும் கடைசி ஸ்டேஷன் அல்ல. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் இங்கே ஆட்களை இறக்கும். அவர்கள் கப்பலில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போவார்கள். ஒரே பயணச்சீட்டில் ரயில், கப்பல், ரயில். 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வந்த புயலும் கடல் பொங்கலும் அந்த ஊரையே அடித்துக்கொண்டு போயின. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி ஊர் வந்து சேரும் முன்பே அலையில் சிக்கியது. வண்டியில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். யாரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. தண்டவாளமும் திரும்பப் போடப்படவில்லை.

இன்று போனால் ஸ்டேஷனின் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, கூரையில்லாத தேவாலயம் எல்லாம் கண்முன் நிற்கும். தேட வேண்டியதே இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுவிட்டதால் சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாம். புயலைத் தாங்கி நின்ற கோதண்டராமர் கோயிலும் வழியில்தான்.

ஆனால் நடை என்று பார்த்தால் தனுஷ்கோடி அவ்வளவு நன்றாக இல்லை. தடத்துக்குப் பக்கத்திலேயே ரோடு ஓடுகிறது. வேன்களும் ஆட்டோக்களும் விடாமல் போய்வருகின்றன. நிழல் கிடையாது. மணலில் கால் புதையும். தண்ணீர் கையோடு கொண்டு போனால்தான் உண்டு. பொழுது சாயும் முன் திரும்ப வேண்டும். அங்கே குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. பாழடைந்த ஊர் என்ற நினைப்பில் அவர்கள் வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். அவர்களுக்கு அது ஊர்தான்.

இந்தத் தடத்துக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயிலை மறுபடி கொண்டுவரும் திட்டத்துக்கு 2019 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அந்த விழா நடந்தது நம் கன்னியாகுமரியில்தான். பிறகு சுற்றுச்சூழல் காரணங்களைச் சொல்லி எதிர்ப்பும் எழுந்தது. ஒருவேளை ரயில் வந்துவிட்டால் இது கைவிடப்பட்ட பாதையாக இருக்காது. பார்க்க நினைப்பவர்கள் ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூணாறு – டாப் ஸ்டேஷன்

டாப் ஸ்டேஷனுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அந்தப் பெயரில் உள்ள ஸ்டேஷன் நிஜமான ரயில் ஸ்டேஷன் என்பதை அறிந்தவர்கள் குறைவு. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் மேல்முனை அது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கினார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும், கவிழாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும், இழுப்பது காளை மாடு. 1908இல் அதை இரண்டடி அகலமுள்ள குறுகிய ரயில் பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர், அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம். கேரளத்து மலைத் தேயிலை தமிழ்நாட்டுப் பக்கமாகக் கடலுக்குப் போன பாதை இது.

1924 ஜூலை வெள்ளம் அதை முடித்து வைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வார்கள். நம் மாவட்டமும் அப்போது திருவிதாங்கூர்தான் என்பதால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இந்தப் பேச்சு இருந்திருக்கும். பாலங்களும் தண்டவாளமும் போய்விட்டன. தேயிலைக் கம்பெனி திரும்பக் கட்டவில்லை.

மிச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. மூணாற்றின் பழைய ஸ்டேஷன் கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். தடத்தின் சில பகுதிகள் இன்றைய டாப் ஸ்டேஷன் ரோட்டோடு கலந்துவிட்டன. தோட்டத்துக்குள் போகிற பகுதிகள் தனியார் நிலம், அனுமதி கேட்காமல் இறங்கக் கூடாது.

அழகுக்கு இந்த நான்கில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலாவது தூரம். நாகர்கோவிலிலிருந்து மதுரை, தேனி, போடி வழியாக ஒரு முழுநாள் போய்விடும், திரும்ப இன்னொரு நாள். மூன்று நாள் இல்லாமல் கிளம்புவதில் பொருளில்லை. இரண்டாவது, டாப் ஸ்டேஷனிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் மலைவழி. தேயிலை இறங்கிய அதே சரிவு என்பதால் அதையும் சேர்த்து நடந்தால்தான் கதை முழுதாகும் என்று தோன்றும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தது இந்தப் பகுதியில்தான். கோடைக்காலத்தில் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் வனத்துறை அனுமதித்த பாதையில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறேன் என்றால், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் மறுத்துவிடுங்கள்.

பரம்பிக்குளம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடு வரை கொச்சி சமஸ்தானம் போட்ட மீட்டர்கேஜ் டிராம் பாதை சுமார் 80 கிலோமீட்டர். தேக்கை வெட்டி இறக்குவதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டார்கள், பிற்பாடு மூடிவிட்டார்கள். செங்குத்தான இடங்களில் எஞ்சினே கிடையாது. மரம் ஏற்றிய பெட்டி கீழே இறங்கும் கனத்தில், அதே வடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப்பெட்டி மேலே ஏறும். பொறியியல் படித்தவர்கள் ஒரு முறையாவது அந்தச் சரிவுகளின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது தங்கிய குரியார்குட்டியும் இந்தத் தடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் இப்போது அது புலிகள் காப்பகம். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் வண்டி போகும். முன்பதிவு, வனத்துறையின் வண்டி, வழிகாட்டி எல்லாம் கட்டாயம். எங்கே நடக்கலாம், எவ்வளவு நடக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அது சரியான ஏற்பாடுதான், காடு அப்படித்தான் இருக்க வேண்டும். ரயில் தடத்தை நம் இஷ்டத்துக்குத் தேடிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது. காடு பார்க்கப் போகிறவர், போகிற இடத்தில் டிராம் பாதையையும் தெரிந்துகொள்ளலாம்.

திசையன்விளை – குலசேகரப்பட்டினம்

என் தேர்வு இதுதான்.

நம் மாவட்ட எல்லையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், பனைமரக் காட்டுக்கு நடுவே, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஓடியது என்று சொன்னால் நாகர்கோவிலில் பெரும்பாலானோர் நம்புவதில்லை. குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சேர்ந்த சர்க்கரை ஆலை இருந்தது. அதற்குக் கருப்பட்டி வேண்டும். கருப்பட்டி காய்ச்சுவது திசையன்விளை, உடன்குடி சுற்றுவட்டாரப் பனங்காடுகளில். மாட்டுவண்டி மணலில் புதையும். அதனால் முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி இந்த லைட் ரயில்வே வந்தது. திசையன்விளை, உடன்குடி, குலசேகரப்பட்டினம், திருச்செந்தூர் என்று சுமார் 40 கிலோமீட்டர். சரக்கோடு ஆட்களும் போனார்கள். 1940இல் மூடிவிட்டார்கள். தண்டவாளமும் போய்விட்டது.

தேயிலைக்காக மூணாற்றில் போட்டது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் ரயில். தேக்குக்காகப் போட்டது ராஜாவின் ரயில். தனுஷ்கோடி கடல்கடந்து போகிறவர்களின் ரயில். கருப்பட்டிக்காக ஓடியது இது ஒன்றுதான். பனையேறியின் உழைப்பு ஏறிப்போன ரயில். அகஸ்தீஸ்வரம் பக்கத்திலும் விளவங்கோட்டிலும் பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! ஏறியவரின் பேரப்பிள்ளைகள் இன்று டீச்சராகவும் நர்ஸாகவும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் நடந்து பார்க்க வேண்டிய தடம் தனுஷ்கோடியைவிட இது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிராகச் சொல்வதையும் சொல்ல வேண்டும். பார்க்க எடுப்பாக எதுவும் இல்லை. தனுஷ்கோடி மாதிரி சுவர் நிற்காது, மூணாறு மாதிரி மலை நிற்காது. குறுகிய பாதை என்பதால் மேடும் சின்னது, பாலமும் சின்னது. எண்பது ஆண்டு உழவும் ரோடும் வீடும் நிறையத்தை அழித்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அரை மணியில் “எங்கப்பா ரயிலு?” என்று கேட்பார்கள். வெயில் கடுமை. செம்மண் தேரிக்குள் திசை தெரியாமல் போகும், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு மணல், உடைமரம், பனை.

ஆனால் இந்தத் தடத்தைத் தேடுவதில்தான் உண்மையான சந்தோஷம் இருக்கிறது. தனுஷ்கோடியில் மிச்சம் நம் முன்னால் வந்து நிற்கிறது. இங்கே நாம்தான் நிலத்தைப் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்ற தடங்களுக்கும் இது உதவும்.

வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். 1950களில் அச்சான பழைய நில வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்ப்பாதை விளைகளின், அதாவது தோட்டங்களின், வரப்பைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். ரயில் அப்படிப் போகாது. விளைகளைக் குறுக்கே வெட்டி நேராகப் போகும், திரும்பினால் நீண்ட மெதுவான வளைவாகத் திரும்பும். அப்படி ஒரு கோடு, ரோடாகவோ வேலியாகவோ பனை வரிசையாகவோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது வருவாய்த்துறையின் புலப்படம், அதாவது நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் வரைபடம். ஒரு நீளமான ஒடுக்கமான துண்டு நிலம் பல சர்வே எண்களை வெட்டிக்கொண்டு புறம்போக்காகப் போகிறதா என்று பாருங்கள். தண்டவாளம் போனாலும் நிலத்தின் எல்லை சீக்கிரம் போகாது.

நேரில் போனபின் பார்க்க வேண்டியவை வேறு. ஓடை, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் நில்லுங்கள். மேடு கரைந்துவிடும், கல்கட்டு அவ்வளவு எளிதில் கரையாது. ரோட்டுக்குச் சம்பந்தமில்லாமல் விளைக்குள் ஒரு சிறு கல்பாலம் நின்றால் அதைச் சுற்றி இருபுறமும் பாருங்கள். செம்மணலுக்கு நடுவே அந்த இடத்துக்குச் சேராத கருங்கல் ஜல்லி கிடந்தாலும் கவனியுங்கள். இது எல்லாமே துப்புதான், சாட்சி இல்லை. மூன்று துப்பு ஒரே கோட்டில் சேர்ந்தால் நம்பலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய துணை அங்கே உள்ள மனிதர்கள். டீக்கடையில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, பழைய சீனி ஆலை ரயிலு எந்த வழியா போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேளுங்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிற தாத்தாவைக் காட்டுவார். அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்குத் தொண்ணூறு வயதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். இன்னும் சில ஆண்டுகளில் கேட்க ஆள் இருக்காது. தனுஷ்கோடியின் சுவர் அடுத்த வருடமும் நிற்கும். இந்த நினைவு அப்படி நிற்காது. நான் இதை முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். பேச ஒப்புக்கொண்டால் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நிலமும் வேகமாக மாறுகிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உடன்குடியில் அனல்மின் நிலையம் வருகிறது. புதிய ரோடுகள், வேலிகள், கட்டிடங்கள். ஏவுதளத்துக்காக எடுத்த நிலத்தின் வேலியைத் தாண்டிப் போகவே கூடாது. தடம் அதற்குள் போவதாகத் தெரிந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு மறுபக்கம் போய்த் தொடருங்கள். தனியார் விளைக்குள் இறங்கும் முன் கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள், தண்ணீரும் தருவார்கள்.

போக்குவரத்துக்கும் இது எளிது. நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம், கூடங்குளம் வழியாகத் திருச்செந்தூர்ப் பக்கம் பஸ் உண்டு. திசையன்விளை சுமார் 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தங்கும் செலவு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. மாசியில் நம் ஊர்களிலிருந்து திருச்செந்தூருக்குக் காவடி கொண்டு போகிறவர்கள் இந்த நிலத்தைக் காலால் அறிந்தவர்கள். அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் வழி, நிழல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

40 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்க முயல வேண்டாம். உடன்குடியிலிருந்து குலசேகரப்பட்டினம் வரையான கடைசித் துண்டு முதல் நடைக்குப் போதும். தூரம் குறைவு, ஊர்கள் பக்கத்தில், ஆலை இருந்த ஊரில் போய் முடியும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, காய்ச்சுகிற இடத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். இந்த ரயில் எதற்காக ஓடியது என்பது ஒரு சட்டி அக்கானி (பதநீர்) கொதிப்பதைப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். நேரம் மிஞ்சினால் பக்கத்தில் மணப்பாடு. புனித சவேரியார் தங்கிய குகை அங்கே இருக்கிறது. கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது இன்னொரு காரணம்.

மாவட்டத்தை விட்டே போக முடியாதவர்களுக்கு

வீட்டில் வயதானவர் இருக்கிறார், ஒரு நாள்கூட வெளியே இருக்க முடியாது என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ரயில் தடம் இல்லை, ஆனால் கைவிடப்பட்ட ஒரு நீர்த்தடம் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகில் இணைக்க 1860இல் தொடங்கி, முழுதாக முடியாமல் போன திட்டம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு பக்கம் அதன் துண்டுகளைப் பார்க்கலாம். பூவாறு முதல் இரையுமன்துறை வரையான பகுதி 2016இல் தேசிய நீர்வழி எண் 13 என்று அறிவிக்கப்பட்டது. நேரில் போனால் பல இடங்களில் ஆக்கிரமிப்பும் குப்பையும்தான். ரயில் தடத்தைப் படிக்கிற அதே முறையில் இதையும் படிக்கலாம்: நேர்கோடு, கல்கட்டு, புறம்போக்கு எல்லை. 2004 சுனாமியில் கொட்டில்பாடு பகுதியில் இந்தக் கால்வாயைத் தாண்டி ஓட முடியாமல் பலர் உயிரை இழந்தார்கள். அந்தக் கரையில் நடக்கும்போது அங்குள்ளவர்களிடம் அந்த நினைவோடு பேசுங்கள்.

அப்படியென்றால் யார் எங்கே போவது

சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பம் என்றால் தனுஷ்கோடிக்கே போங்கள். கண்ணால் பார்த்ததும் கதை புரிந்துவிடும், நடக்க முடியாதவர் வண்டியில் இருக்கலாம். நீண்ட விடுமுறை, கையில் காசு, குளிர் வேண்டும் என்பவர்களுக்கு மூணாறு. போனால் வழக்கமான இடங்களோடு ஒரு நாளை டாப் ஸ்டேஷன் தடத்துக்கு ஒதுக்குங்கள். காட்டை நேசிப்பவர், விதிகளுக்குக் கட்டுப்பட்டு இருக்கத் தயாராக இருப்பவர் பரம்பிக்குளத்துக்கு முன்பதிவு செய்யலாம்.

வளர்ந்த பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வரலாற்று ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற சர்வேயர்கள், பனையோடு சம்பந்தப்பட்ட குடும்பத்தார் ஆகியோர் தனுஷ்கோடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உடன்குடிக்குப் பஸ் ஏறுங்கள். கல்லூரி ஒன்று மாணவர்களைக் கொண்டு இந்த 40 கிலோமீட்டரையும் துண்டு துண்டாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு கல்கட்டையும் படமெடுத்து, இடத்தைக் குறித்து, பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தால் அது இந்தப் பகுதிக்குப் பெரிய கொடை. புலப்படத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர், பழைய வரைபடத்தை இணையத்தில் தேடித் தரும் ஒருவர், ஊர்க்காரரோடு கூச்சமில்லாமல் பேசும் ஒருவர் இருந்தால் போதும், குழு தயார்.

போகும் காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, அக்கானி இறங்கத் தொடங்கியிருக்கும். ஆடிக்காற்றில் தேரி மணல் கண்ணைத் திறக்க விடாது. தசரா நாட்களில் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அந்தச் சமயத்தில் தடம் தேடப் போக வேண்டாம். தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முள் ஏறாத செருப்பு, முழு சார்ஜ் உள்ள கைபேசி. காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கிப் பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.